கேரல் பாடி யூடியூபில் ஏற்றப் போகிறீர்களா? காப்பிரைட் தொல்லை வராமல் இருக்க ஒரு வழிகாட்டி

நூற்றைம்பது, இருநூறு வருஷப் பழைய பாட்டுக்கு இன்றைக்கு யார் வந்து உரிமை கேட்கப் போகிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைப்போம். ஆனால் எங்கள் சபைப் பாடகர் குழு பாடிய ஒரு பழைய கேரலுக்கு, பெயரே கேள்விப்படாத ஒரு நிறுவனம் யூடியூபில் கிளெய்ம், அதாவது அது தன்னுடையது என்ற உரிமைக் கோரிக்கை, போட்டது. அதைத் தீர்த்து முடிப்பதற்குள் கிறிஸ்துமஸும் போய், புத்தாண்டு ஆராதனையும் போய்விட்டது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். முதல்முறை கொயர் வீடியோ எடுக்கும் குழுக்களை மனதில் வைத்து எழுதியது இது. பெரிய ஆல்பம் போடுகிறவர்கள் வக்கீலைப் பார்ப்பதே நல்லது.

1. முதலில், பாட்டை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று தெளிவாகுங்கள்

கோயிலில் பாடுவது, தெருவில் கேரல் ரவுண்ட்ஸ் போவது, பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது, இந்த மூன்றையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

ஆராதனையில் பாடுவதற்குப் பயமே வேண்டாம். 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கில் பாடுவதை உரிமை மீறல் இல்லை என்று சொல்கிறது. தொழில்முறை அல்லாத ஒரு குழு, டிக்கெட் வாங்காத கூட்டத்துக்கு முன்னால் பாடினாலோ, ஒரு சமய நிறுவனத்தின் நன்மைக்காகப் பாடினாலோ அதற்கும் அதே பிரிவில் விலக்கு உண்டு. அதனால் வீடு வீடாகப் போய்ப் பாடி, கிடைக்கிற காணிக்கையைச் சபைக் கணக்கில் சேர்க்கும் வழக்கத்துக்கும் பாதகமில்லை.

சிக்கல் எங்கே என்றால், இந்த விலக்கு பாடுவதற்குத்தான். அதையே மூன்று கேமரா வைத்து எடுத்து யூடியூபில் போட்டால் அது வேறு கணக்கு. "கோயில்லதானே பாடினோம்" என்ற பதில் அங்கே செல்லாது. அதேபோல ஓட்டல், மால், கம்பெனி விழா என்று கூப்பிட்டால், உரிமை உள்ள பாட்டுகளுக்கு லைசென்ஸ் எடுப்பது யார் பொறுப்பு என்று ஏற்பாடு செய்கிறவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பாட்டுவரிக்கும் இசைக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு லைசென்ஸ் தருகிறது. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க வைப்பதாக இருந்தால் அதற்குத் தனி லைசென்ஸ்.

2. ஒரு கேரலை அடுக்கடுக்காகப் பிரித்துப் பாருங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மீதி எல்லாம் சுலபம். கேரல் என்பது கூட்டுப் பட்டா நிலம் மாதிரி. பார்க்க ஒரே வயல், ஆனால் ஒவ்வொரு பங்கும் ஒவ்வொருவர் பெயரில் இருக்கும். வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், நான்கு குரலுக்கு அரேஞ்ச்மென்ட் செய்தவர், மொழிபெயர்த்தவர், கடைசியாக ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரர். இவர்கள் ஒரே நூற்றாண்டில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

நம் பாமாலையில், அதாவது சபைப் பாட்டுப் புத்தகத்தில், 'கேள், ஜென்மித்த ராயர்க்கே' என்று இருக்கும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வரிகள் சார்லஸ் வெஸ்லி 1739-இல் வெளியிட்டவை, அதுவும் முதல் வரி அப்போது வேறு மாதிரி இருந்தது. மெட்டு மெண்டல்சன் 1840-இல் அச்சுக்கலையைக் கொண்டாடும் விழாவுக்காக எழுதிய இசையிலிருந்து வந்தது, கிறிஸ்துமஸுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இரண்டையும் சேர்த்து ஒட்டியவர் வில்லியம் கம்மிங்ஸ், 1855 வாக்கில். இவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெஸ்லி 1788, மெண்டல்சன் 1847, கம்மிங்ஸ் 1915. ஆக பாட்டு முழுசாகப் பப்ளிக் டொமைன், அதாவது உரிமைக் காலம் முடிந்து எல்லாருக்கும் பொதுவானது, தாராளமாகப் பாடலாம். ஆனால் கடைசிச் சரணத்தில் சொப்ரானோ எல்லாம் மேலே ஏறிப் பாடும் டெஸ்கன்ட் ஒன்று எல்லாக் கொயரிலும் சுற்றுகிறதே, அது பெரும்பாலும் டேவிட் வில்காக்ஸ் எழுதியது. 1961-இல் வந்த 'கேரல்ஸ் ஃபார் கொயர்ஸ்' புத்தகத்தில் இருப்பது. அவர் இறந்தது 2015-இல்தான். அந்த ஒரு சரணத்துக்காக முழு வீடியோவும் மாட்டிக்கொள்ளும்.

இந்தப் பொறியில் நம் ஊர்க் கொயர்கள் விழுவதற்குக் காரணம் ஜெராக்ஸ். புத்தகத்தின் பக்கத்தில் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: வட்டத்துக்குள் சி, ஆண்டு, பதிப்பகத்தின் பெயர். பிரதியிலிருந்து பிரதி எடுத்து எடுத்து, ஏ4 தாளில் அடக்குவதற்காகச் சுருக்கியதில் அந்த வரிதான் முதலில் வெட்டுப்பட்டுப் போகும். மேலே கொயர் மாஸ்டர் பென்சிலில் எழுதிய சோல்ஃபா (டோ-ரே-மி சுரக்குறிப்பு) இருக்கும், கீழே உரிமையாளர் பெயர் இருக்காது. யாரிடமிருந்து வந்த தாள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட தாளை வைத்துப் பதிவுக்குப் போகாதீர்கள்.

3. கணக்குப் போடும் முறை

இந்தியாவில்: எழுதியவர் இறந்த ஆண்டுடன் 60 கூட்டுங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை உரிமை உண்டு, மறுநாளிலிருந்து இல்லை. இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரின் ஆண்டு. பெயர் தெரியாதவர் எழுதியது என்றால் வெளிவந்த ஆண்டுடன் 60. ஒலிப்பதிவுக்கும் வெளிவந்த ஆண்டுடன் 60.

பிரிட்டனில் 60-க்குப் பதில் 70. அமெரிக்காவில் பழைய பாட்டுகளுக்கு, வெளிவந்த ஆண்டுடன் 95.

நாம் இந்தியாவில் இருக்கும்போது மற்ற நாட்டுக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். உங்கள் வீடியோவை லண்டனில் இருக்கிற அத்தையும் டொரான்டோவில் இருக்கிற அண்ணனும் பார்ப்பார்கள், கிளெய்ம் போடுகிறவர் நாடு வாரியாக முடக்க முடியும். இங்கே ஓடுகிற வீடியோ அங்கே கறுப்புத் திரையாகத் தெரிவது இதனால்தான்.

4. அடிக்கடி பாடும் பாட்டுகள்: எது சரி, எது வம்பு

கவலையே படாமல் பாடக்கூடியவை: 'ஒப்பில்லா திரு இரா'வின் மூலம் (வரி ஜோசப் மோர், மெட்டு ஃபிரான்ஸ் குரூபர், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் முதலில் பாடப்பட்டது, நாம் பாடும் ஆங்கில வரிகளைத் தந்த ஜான் ஃப்ரீமன் யங் 1885-இல் இறந்துவிட்டார்). 'ஜாய் டு த வேர்ல்ட்', 'ஓ ஹோலி நைட்', 'ஜிங்கிள் பெல்ஸ்', 'ராஜன் தாவீதூரிலுள்ள' பாட்டின் ஆங்கில மூலம், இவையும் அப்படியே. இதில் 'ஜிங்கிள் பெல்ஸ்' கேரலே இல்லை, பனிச்சறுக்கு வண்டிப் பாட்டு என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது சண்டைக்கு வருவார்கள். அது தனி விவகாரம், காப்பிரைட் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

பாதி சரி, பாதி வம்பு என்று ஒரு வகை இருக்கிறது. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

'இன் த ப்ளீக் மிட்விண்டர்': வரி கிறிஸ்டினா ரொசெட்டி, 1894-இல் இறந்தார், பிரச்சினையில்லை. மெட்டு இரண்டு உண்டு. சபைகளில் எல்லாரும் பாடுவது குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மெட்டு. அவர் 1934-இல் இறந்ததால் எங்குமே சிக்கல் கிடையாது. கொயர்கள் விரும்புவது ஹெரால்ட் டார்க்கின் மெட்டு. அவர் 1976-இல் இறந்தார், ஆகவே இந்தியாவில் 2036 முடியும் வரையும் பிரிட்டனில் 2046 முடியும் வரையும் உரிமை இருக்கிறது. பாட்டின் பெயரை மட்டும் பார்த்து "பழசுதானே" என்று போனால் மாட்டுவீர்கள்.

'ஓ பெத்லெகேமே சிற்றூரே': இதற்கும் இரண்டு மெட்டு. அமெரிக்கர்கள் பாடும் லூயிஸ் ரெட்னரின் மெட்டு பழையது, அவர் 1908-இல் இறந்தார். ஆங்கிலேயர்கள் பாடும் 'ஃபாரஸ்ட் கிரீன்', வான் வில்லியம்ஸ் ஒரு நாட்டுப்புற மெட்டை எடுத்து 1906-இல் அமைத்தது. அவர் 1958-இல் இறந்ததால் இந்தியாவில் 2018-உடன் முடிந்துவிட்டது. பிரிட்டனில் 2028 முடிய வேண்டும்.

'கேரல் ஆஃப் த பெல்ஸ்': உக்ரைனின் மைகோலா லியோண்டோவிச் போட்ட இசை. அவர் 1921-இல் கொல்லப்பட்டார், இசைக்கு உரிமைப் பிரச்சினை இல்லை. ஆனால் மணி அடிப்பது பற்றிய ஆங்கில வரிகள் பீட்டர் வில்ஹௌஸ்கி 1936-இல் எழுதியவை. அவர் 1978 வரை வாழ்ந்தார். அந்த வரிகளை விட்டுவிட்டு உக்ரைனிய வரியில் பாடுங்கள், அல்லது வெறும் வாத்தியத்தில் வாசியுங்கள். தமிழில் நாமே புதிதாக எழுதினாலும் சரி, ஆங்கில வரிகளின் மொழிபெயர்ப்பாக மட்டும் இருக்கக் கூடாது.

அப்புறம், பழசு மாதிரி தோன்றினாலும் நிச்சயமாக உரிமை உள்ளவை: 'லிட்டில் டிரம்மர் பாய்' (கேத்தரின் டேவிஸ் 1941-இல் எழுதியது, அவர் இறந்தது 1980), 'வைட் கிறிஸ்துமஸ்' (இர்விங் பெர்லின், இறந்தது 1989), சிவப்பு மூக்கு மான் பாட்டு (ஜானி மார்க்ஸ், இறந்தது 1985). சண்டே ஸ்கூல் பிள்ளைகள் மூன்றில் ஒன்றைக் கட்டாயம் பாடுவார்கள். கோயிலில் பாடட்டும், வீடியோவில் வேண்டாம் என்பது என் கருத்து.

5. தமிழ் வரிகளுக்குத் தனியாகப் பாருங்கள்

மூலம் பழசு என்பதால் தமிழும் பழசு என்று ஆகாது. மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. 'பக்தரே வாரும்' போலப் பாமாலையில் நெடுநாளாக இருப்பவற்றுக்கு வழி சுலபம்: உங்கள் ஆலயத்தின் அலமாரியில் கிடக்கும் பழைய பதிப்பைத் தேடுங்கள். 60 வருஷத்துக்கு முந்தைய அச்சில் அதே வரிகள் இருந்து, மொழிபெயர்த்தவர் பெயர் எங்கும் வெளிவராமல் இருந்தால் போதும். பெயர் தெரிந்திருந்தால் அவர் இறந்த ஆண்டைப் பாருங்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு இந்தக் கவலையே இல்லை, அவர் 1864-இல் மறைந்தவர்.

புதிய தமிழ்க் கிறிஸ்துமஸ் பாட்டுகள் வேறு. எழுதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், கேட்டால் பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். போனில் "பாடுங்க தம்பி" என்று சொன்னது போதாது. மெயிலில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டின் உரிமையை அவர் ஏற்கெனவே ஏதாவது இசை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டாரா என்பதையும் அப்போதே கேளுங்கள், கொடுத்திருந்தால் அவருடைய சம்மதம் மட்டும் உதவாது.

6. கைவசம் இருக்க வேண்டிய தாள்கள்

ஒவ்வொரு பாட்டுக்கும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டுவிடுங்கள். அதில்:

- நீங்கள் பயன்படுத்தும் நோட்டேஷனின் பழைய அச்சுப் பிரதி. ஐ.எம்.எஸ்.எல்.பி., சி.பி.டி.எல். இரண்டு தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். ஆண்டு அச்சிட்ட முகப்புப் பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். சி.பி.டி.எல்.லில் சில பதிப்புகளுக்கு அதைத் தட்டச்சு செய்தவர் தனி நிபந்தனை போட்டிருப்பார், இறக்கும்போதே படியுங்கள்.
- வரி, மெட்டு, மொழிபெயர்ப்பு: யார், எந்த ஆண்டு இறந்தார் என்று அரைப் பக்கக் குறிப்பு.
- அரேஞ்ச்மென்ட் செய்தவரிடம் கையெழுத்து வாங்கிய அனுமதிக் கடிதம். கீபோர்டு வாசிக்கும் தம்பி நம் சபைப் பையன்தான் என்றாலும் வாங்குங்கள்.
- தமிழ்ப் பாமாலையின் முகப்பையும் பாட்டு உள்ள பக்கத்தையும் எடுத்த போட்டோ.

அந்தக் கடிதத்தில் ஒரு விஷயம். எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்று இரண்டையும் எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால், சட்டப்படி ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும், இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

7. ட்ராக் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்

பழைய கேரல்களுக்குக் கிளெய்ம் வருவதற்கு முக்கியமான காரணம் ட்ராக், அதாவது முன்பே பதிவு செய்த பின்னணி இசை. யாரோ போட்ட கரோக்கியை யூடியூபிலிருந்து இறக்கி அதன்மேல் பாடினால், பாட்டு பப்ளிக் டொமைனாக இருந்தாலும் அந்த ஒலிப்பதிவு அவருடையது. காசு கொடுத்து வாங்கிய ட்ராக்கிலும் இதே தலைவலி வரும். அதே ட்ராக்கை வேறொருவர் வாங்கி, ஆல்பம் போட்டு, ஒலியை ஒப்பிட்டு உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பட்டியலில் சேர்த்திருந்தால், இயந்திரம் உங்கள் வீடியோவை அவருடையது என்று நினைத்துக்கொள்ளும். லைசென்ஸ் ரசீதை வைத்து மறுக்கலாம், ஆனால் நாள் போகும்.

நல்ல வழி, ஒரு ஆர்கனோ கீபோர்டோ வைத்து நீங்களே வாசித்துப் பதிவு செய்வது. வாத்தியமே இல்லாமல் நான்கு குரலில் பாடினால் இன்னும் நிம்மதி. அப்படியும் மெட்டு ஒத்துப்போகிறது என்று கிளெய்ம் வரலாம், ஆனால் அப்போது உங்கள் பக்கம் பலமாக இருக்கும்.

8. எப்போது ஏற்றுவது

டிசம்பர் 20-க்கு மேல் ஏற்றாதீர்கள். நான் சொல்வது அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலம்) முதல் ஞாயிறுக்குள், அதாவது நவம்பர் 27-லிருந்து டிசம்பர் 3-க்குள் வரும் அந்த ஞாயிறுக்குள், வீடியோவைப் பிரைவேட்டாக ஏற்றிவிடுங்கள். ஏற்றும்போதே யூடியூப் ஸ்டூடியோவில் 'Checks' (சரிபார்ப்பு) என்ற கட்டம் வரும், காப்பிரைட் சிக்கல் இருந்தால் வெளியிடும் முன்பே காட்டிவிடும். அவசரப்பட்டு அதைத் தாண்டிப் போகாமல் முடியும் வரை காத்திருங்கள்.

ஏன் இவ்வளவு முன்னதாக என்றால், நீங்கள் கிளெய்மை மறுத்தால் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அவர்கள் முப்பதையும் எடுத்துக்கொள்வார்கள். இன்னும் முன்னதாக, நவம்பர் தொடக்கத்திலேயே ஏற்ற முடிந்தால் கிறிஸ்துமஸுக்குள் முழுச் சண்டையையும் முடித்துவிடலாம். அதற்குப் பதிவு அக்டோபரில் நடக்க வேண்டும், அக்டோபரில் கொயரை ஒன்று சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

9. கிளெய்ம் வந்துவிட்டால்

முதலில், கிளெய்ம் வேறு, ஸ்டிரைக் வேறு. கிளெய்ம் வந்தால் பெரும்பாலும் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும், விளம்பர வருமானம்தான் அவர்களுக்குப் போகும். ஸ்டிரைக் என்பது சேனலுக்கே வரும் எச்சரிக்கை. 90 நாள் இருக்கும், மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். பதறிப்போய் வீடியோவை அழித்துவிடாதீர்கள்.

கிளெய்மைத் திறந்தால் எந்த நிமிஷத்திலிருந்து எந்த நிமிஷம் வரை, ஒலிப்பதிவா மெட்டா என்று காட்டும். மெட்டு என்றால் உங்கள் குறிப்புத் தாள் கைகொடுக்கும். மறுப்பில் காரணம் கேட்கும்போது 'பப்ளிக் டொமைன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள பெட்டியில் நான்கு வரி எழுதுங்கள்: வரி இன்னார், இறந்த ஆண்டு; மெட்டு இன்னார், இறந்த ஆண்டு; அரேஞ்ச்மென்ட் எங்களுடையது; குரலும் வாத்தியமும் நாங்களே பதிவு செய்தது. "ஆண்டவருடைய பாட்டுக்கு நீங்கள் யார் உரிமை கொண்டாட" என்றெல்லாம் எழுத வேண்டாம், ஆத்திரம் நியாயமானதுதான், ஆனால் பலன் இருக்காது. டெஸ்கன்ட் வேறொருவருடையது என்று தெரிந்தால் மறுக்கவே மறுக்காதீர்கள். அந்தச் சரணத்தை ஸ்டூடியோவிலேயே வெட்டிவிடுங்கள்.

சேனலுக்கு வருமானம் வருகிறது என்றால், கிளெய்ம் வந்த ஐந்து நாளுக்குள் மறுங்கள். அப்படிச் செய்தால் முதல் நாளிலிருந்து வந்த பணம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும்.

மறுப்பை அவர்கள் நிராகரித்தால் மேல்முறையீடு, அதற்கு அவர்களுக்கு 7 நாள் அவகாசம். அங்கேயும் விடாப்பிடியாக இருந்து வீடியோவை எடுக்கச் சொன்னால் ஸ்டிரைக் வரும். அதனால் தாள்கள் பக்காவாக இருந்தால் மட்டும் இந்தப் படிக்குப் போங்கள். எங்களுக்கு முதல் மறுப்பிலேயே விட்டுவிட்டார்கள், ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

10. செலவு

பப்ளிக் டொமைன் கேரலை நீங்களே வாசித்துப் பாடினால் உரிமைக்கு ஒரு பைசா செலவில்லை. 'கேரல்ஸ் ஃபார் கொயர்ஸ்' போன்ற புத்தகத்திலிருந்து பாடுவதாக இருந்தால் ஆளுக்கொரு பிரதி வாங்குவதும், வீடியோவுக்குப் பதிப்பகத்திடம் தனியாக அனுமதி கேட்பதும்தான் முறை. பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம், ஆகஸ்டிலேயே எழுதுங்கள். கவர் வெர்ஷனுக்கு (ஏற்கெனவே வெளிவந்த பாட்டை வேறொருவர் பாடிப் பதிவு செய்வதற்கு) சட்டத்தில் 31சி என்று ஒரு பிரிவு இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அதில் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்ட வேண்டும், அதுவும் ஒலிப்பதிவுக்கு மட்டும். சபைக் கொயருக்கு அது ஒத்துவராது.

உங்கள் குழுவே புதிதாக ஒரு கேரல் எழுதியிருந்தால் அதைப் பதிவு செய்து வைக்கலாம். கட்டாயம் இல்லை, எழுதிய கணமே உரிமை உங்களுடையதுதான். டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வரிக்கு 500 ரூபாய், இசைக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பத்துக்கான டைரி எண் கிடைத்த பிறகு யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள், அதற்கு மேல்தான் பரிசீலனை. சான்றிதழ் வரட்டும் என்று பாட்டை நிறுத்தி வைக்காதீர்கள், டைரி எண்ணை ஃபோல்டரில் போட்டுவிட்டு வெளியிடுங்கள்.